அசையாத சேம்பர் மூடி: பாரையை எடுக்கும் முன் விளிம்பைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் சேம்பரின், அதாவது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டியின், கான்கிரீட் மூடியை ஏழெட்டு வருடமாக யாரும் திறக்கவில்லை. இப்போது குளியலறையில் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மாமனார் கம்பிப்பாரையால் நெம்பிப் பார்த்திருக்கிறார். மூடி அசையவில்லை, ஒரு மூலை மட்டும் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. வந்து பார்த்த பிளம்பர், "உடைச்சுத்தான் எடுக்கணும், புதுசா வார்த்துப் போடுங்க" என்று சொல்லிப் போய்விட்டாராம். உடைக்காமல் எடுக்க முடியுமா, மண்ணெண்ணெய் ஊற்றினால் இளகுமா என்று கேட்கிறார்.

எடுக்க முடியும். மண்ணெண்ணெய் வேண்டாம். மாமாவிடம் பாரையை இன்னும் ரெண்டு நாள் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம்மூர் வீடுகளில் சேம்பர் மூடி பெரும்பாலும் 2 அடிக்கு 2 அடி, 3 அங்குலக் கனம். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. அப்படிப் பார்த்தால் இந்த மூடி 65 கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். ஆனால் நெம்பும்போது முழு எடையையும் நாம் தூக்குவதில்லை, ஒரு விளிம்பை மட்டும் தூக்குகிறோம். அதில் பாதி எடைதான், சுமார் 33 கிலோ. 5 அடிப் பாரையை, நுனியிலிருந்து 4 அங்குலம் தள்ளி ஒரு கல்லின் மேல் தாங்கவைத்து அமுக்கினால், நம் பக்கம் 56 அங்குலம். பதினாலு மடங்கு லாபம். மூன்று கிலோவுக்கும் குறைவான அழுத்தத்தில் அந்த விளிம்பு எழும்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அமுக்கினாலே போதும்.

ஆள் ஏறி நின்று அமுக்கியும் எழும்பவில்லை என்றால் பிரச்சினை எடை அல்ல. விளிம்பில் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்காமல் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எது பலவீனமோ அது உடையும். உங்கள் வீட்டில் மூலை உடைந்தது அப்படித்தான்.

இது எனக்கும் சும்மா வந்த ஞானம் இல்லை. முப்பது வருடமாகத் தக்கலை, திங்கள்நகர், குளச்சல் சுற்றுவட்டாரத்தில் பைப் வேலை செய்கிறேன். ஆரம்ப காலத்தில் திங்கள்நகரில் ஒரு பழைய வீட்டில் இரும்பு மூடி. நாங்கள் மூன்று பேர், ரெண்டு பாரை, காலையிலிருந்து மத்தியானம் வரை மல்லுக்கட்டினோம். கடைசியில் ஒரு பாரை வளைந்ததுதான் மிச்சம். அந்த வீட்டுப் பெரியம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிள்ளைகளா, அதுல நாலு மூலையிலயும் திருகாணி உண்டுல்லா" என்றார். தரையைப் பூசியபோது கொத்தனார் போல்ட் தலைகளையும் சேர்த்துப் பூசியிருக்கிறார். உளியால் நாலு தட்டுத் தட்டி, பானாவைப் போட்டுக் கழற்றினால் ரெண்டு விரலால் தூக்கலாம்போல வந்தது. அன்று குடித்த கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை.

மூடியில் கைவைக்கும் முன், சேம்பரைத் திறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். அடுக்களைத் தொட்டியில் ரெண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். அது தடையில்லாமல் போய்விட்டு, குளியலறையில் மட்டும் தேங்கினால் அடைப்பு குளியலறைத் தரையில் இருக்கும் ஓட்டைத் தட்டுக்கு (ஜாலி) கீழே, நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணமான நானி டிராப்பில்தான் இருக்கும். முடியும் சோப்பும் சேர்ந்து திரண்ட கட்டி. அடுக்களைத் தண்ணீரும் திரும்பி வந்தால், அல்லது அங்கே ஊற்றியது குளியலறையில் எழும்பினால், சேம்பரோ அதற்கு அப்பாலோ அடைத்திருக்கிறது.

குளியலறை ஜாலியே இறுகிப்போயிருந்தால் அதற்குப் பாரை தேவையில்லை, ஒரு ஓட்டைக் குடை போதும். ரெண்டு மழைக்காலம் பார்க்கும் நம் மாவட்டத்தில் ஓட்டைக் குடை இல்லாத வீடு ஏது? குடைக்கம்பி ரெண்டை வெட்டி, நுனியைக் கொக்கியாக வளைத்து, ஜாலியின் எதிரெதிர் ஓட்டைகளில் மாட்டி, ஒரே நேரத்தில் நேர்மேலே இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சாய்ந்து இன்னும் இறுகும். சில ஜாலிகள் திருகிப் பூட்டும் வகை. அவற்றை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். சுற்றிலும் வெள்ளைச் சிமென்ட் அடைத்திருந்தால், உடைந்த ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு விளிம்பைச் சுரண்டிவிடுங்கள். ஸ்குரூவின் தலை தேய்ந்திருந்தால், சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைத் தலைமேல் வைத்து ஸ்குரூ டிரைவரை அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் பிடி கிடைக்கும்.

துருப் போகட்டும் என்று ஆசிட் ஊற்றுகிறவர்கள் அதிகம். அந்த ஆசிட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே ஊசி ஊசியாகத் துளைத்துவிடும். அதைவிட மோசம், முந்தின நாள் போட்ட பிளீச்சிங் பவுடர் அங்கே மிச்சம் இருந்தால் ரெண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும் சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரும் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது, அதனால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, வினிகரில் நனைத்த துணியை ராத்திரி முழுக்க மூடிவைத்தால் போதும், காலையில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

சரி, சேம்பருக்கு வருவோம். நீங்கள் திறக்கப்போவது சேம்பர்தானா, செப்டிக் டேங்கின் வாய்மூடியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வீட்டில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி ஸ்லாபோடு இருக்கும். அருகில் மேலே போகும் காற்றுக்குழாய் நின்றால் அது டேங்காக இருக்க வாய்ப்பு அதிகம். டேங்காக இருந்தால் இந்தப் பதிலை இதோடு மூடிவிட்டு, வண்டி வைத்துக் கழிவு எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள். 14420 என்ற எண் அதற்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று, மாமாவுக்குச் சொல்ல வேண்டியது. மூடியின் மேல் ஏறி நின்று நெம்பக் கூடாது. சாக்கடைக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, ஈரமான கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் படிந்து, அங்கே வாழும் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலம் சிமென்டைக் கீழிருந்து மேலாகத் தின்றுகொண்டே வரும். மேலே பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி இருக்கும், அடியில் கம்பி வெளியே தெரிய உதிர்ந்து கிடக்கும். அப்படி உதிர்ந்த ஸ்லாபுகளை எத்தனையோ புரட்டிப் பார்த்திருக்கிறேன்.

இனி வேலை. மூடியைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குத் துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். காயும்போது உட்கார்ந்து பாருங்கள். தரை காய்ந்த பிறகும் ஈரம் ஒரு கோடாக நிற்கும் இடம்தான் மூடியின் உண்மையான விளிம்பு. முற்றத்துக்குப் பூச்சோ இன்டர்லாக் கல்லோ போட்டபோது சிமென்ட் பால் வழிந்து அந்த இடுக்கை அடைத்திருக்கும். நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி இந்தக் கதைதான். சில இடங்களில் கரப்பான் வருகிறது, நாற்றம் வருகிறது என்று வீட்டுக்காரர்களே கலவை போட்டு அடைத்திருப்பார்கள். கோடே தெரியவில்லை என்றால் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும் இடத்தில் சத்தம் பானையைத் தட்டினதுபோல் வரும், தரையில் தட்டினால் மொத்தென்று விழும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

அந்தக் கோட்டைத் திறப்பதுதான் முழு வேலையும். தட்டை உளியும் ஒரு கிலோச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, உளியைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்துத் தட்டுங்கள். மூடிப்பக்கம் சாய்த்தால் மூடியின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டாதீர்கள். நாலு பக்கமும் அரை அங்குலம், பிறகு மறுபடி நாலு பக்கமும் அரை அங்குலம் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும். கிரைண்டர் வைத்து அறுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் பிளேடு கம்பியில் பட்டால் தீப்பொறி பறக்கும். அடியில் மீத்தேன் தேங்கியிருக்கக்கூடிய இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். உளி மெதுவானதுதான். ஒரு காலை நேரம் போகும், போகட்டும்.

உதிர்ந்த தூளை அப்படியே விட்டால் அது மறுபடி இடுக்கில் ஆப்பு மாதிரி இறங்கி நிற்கும். அதே குடைக்கம்பியால் கிளறி, தண்ணீர்க் குழாயை அழுத்திப் பிடித்து அடித்து வெளியேற்றுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் மூடியை இறுக்குவது பெரும்பாலும் மணல்தான். அதிலும் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கும் இல்மனைட் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு கனமானது. தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் நகராது, இன்னும் அடியில் போய் உட்காரும். அதைக் கம்பியால் கிளறித்தான் எடுக்க வேண்டும்.

விளிம்பு விடுபட்ட பிறகும் பாரையை உடனே போடாதீர்கள். ஒரு பலகைத் துண்டை மூடியின் ஓரத்தில் வைத்து, அதன்மேல் கீழ்நோக்கிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நாலு பக்கமும் போங்கள். தூக்க வேண்டியதைக் கீழே தட்டச் சொல்கிறானே என்று தோன்றும். ஒட்டிப் பிடித்திருப்பது அதிர்ச்சிக்குத்தான் விடும், இழுப்புக்கு விடாது. பலாவும் தென்னையும் நிற்கிற விளையை ஒட்டிய சேம்பர் என்றால், வேர் இடுக்கு வழியாக நுழைந்து மூடியைக் கட்டிப்போட்டிருக்கும். அதை வெட்டுக்கத்தியால் அறுத்தால்தான் உண்டு.

தூக்குவதற்கு முன் மூடியிலும் தரையிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு பெயின்டால் போட்டுவையுங்கள். அந்த இடத்திலேயே வார்த்த ஸ்லாப் பார்க்கச் சதுரமாக இருந்தாலும் ஒரு திசையில்தான் சரியாக உட்காரும். திருப்பி வைத்துவிட்டு மறுபடி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

இப்போது பாரை. உடைந்த மூலையில் வைக்க வேண்டாம், மூலைகளே வேண்டாம். ஒரு பக்கத்தின் நடுவில் வையுங்கள். தாங்குகல்லுக்கு அடியில் பலகை போட்டால் தரை உடையாது. ஒரு விரல்கடை எழும்பியதும் ஒரு மரத்துண்டை உள்ளே தள்ளுங்கள். கையால் அல்ல, இன்னொரு கம்பியால் தள்ளுங்கள். 65 கிலோ விரலின் மேல் இறங்கினால் என்ன ஆகும் என்று என் இடது கை நடுவிரல் நகத்தைக் கேட்டால் சொல்லும். பிறகு எதிர்ப்பக்கம் போய் அதையே செய்யுங்கள். ரெண்டு பக்கமும் எழும்பியதும் அடியில் ரெண்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துண்டுகளைக் குறுக்கே கொடுத்தால் மூடியைத் தூக்கவே வேண்டாம், உருட்டிக்கொண்டு ஓரமாகத் தள்ளலாம். இதற்கு ரெண்டு ஆள் போதும், ஆனால் ரெண்டு ஆள் கட்டாயம் வேண்டும்.

மூடியில் இரும்பு வளையம் இருந்தால் அதை நம்பி இழுக்காதீர்கள். கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் அது முதலில் துருப்பிடித்து மெலியும். இழுக்கும்போது படக்கென்று அறுந்தால் இழுத்தவர் மல்லாக்க விழுவார். சுத்தியலால் தட்டிப் பார்த்து, சில்லுப் பெயராமல் கணீரென்று சத்தம் வந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். வளையம் நன்றாக இருந்து மூடி ரொம்பப் பெரிதாக இருந்தால், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கார் ஜாக்கி வைத்து, மேலே குறுக்கே கனமான பைப் கொடுத்து, வளையத்தைச் சங்கிலியால் அதில் கட்டி, ரெண்டு ஜாக்கியையும் மாறி மாறி ஏற்றலாம். பெரிய மூடி நேராகக் கிளம்பி வருவதைப் பார்க்கவே ஒரு அழகுதான்.

மண்ணெண்ணெய் விஷயம். கடற்கரையில் வள்ளத்தின் (படகின்) எஞ்சினுக்கு வைத்திருக்கும் மண்ணெண்ணெய்தான் பலருக்கும் சர்வரோக நிவாரணி. இரும்பு மூடி இரும்புச் சட்டத்தில் துருவால் ஒட்டியிருந்தால் அது உதவும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் உப்புக்காற்று ஊர்களில் ரெண்டு வருடம் திறக்காத மூடி அப்படி இறுகிப்போகிறது. அதன் ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டபிள்யூ.டி. 40 மாதிரி துரு இளக்கும் ஸ்பிரேயோ கொஞ்சம் மண்ணெண்ணெயோ இடுக்கில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டுத் தட்டுங்கள். தேங்காய் எண்ணெய் அந்த இடுக்கில் இறங்காது, மேலேயே பிசுபிசுத்து நிற்கும். வார்ப்பிரும்பு மூடியின் நடுவில் சம்மட்டியால் அடித்துவிடாதீர்கள். அது வளையாது, விரிசல் விட்டு உடையும். கான்கிரீட்டில் மண்ணெண்ணெய் ஒன்றுமே செய்யாது. சிமென்டை இளக்கும் சக்தி அதற்கு இல்லை. ஊற்றினது சேம்பருக்குள் இறங்கி, தீப்பிடிக்கும் ஆவியைக் கூட்டும், அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய் கெடுதலாகவே முடிந்த ஒரு வீடும் பார்த்தேன், குலசேகரம் பக்கம். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரை ஒட்டிய சேம்பர். பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு போன ரப்பர் பால் வருடக்கணக்காக இடுக்கில் உறைந்து, மரத்தில் காய்ந்து ஒட்டும் ஒட்டுப்பால் மாதிரி மூடியைப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். ரப்பர் மண்ணெண்ணெயைக் குடித்து வீங்கும். முன்பு பிடித்திருந்ததைவிட இறுக்கமாகப் பிடித்ததோடு, மேலே கொழகொழவென்று ஆகி உளியும் ஏறவில்லை. ரெண்டு நாள் காயவிட்டு, கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தெடுத்தோம்.

மூடி விலகியதும் குனிந்து பார்க்காதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி நின்று, கால் மணி நேரமாவது காத்திருங்கள். பீடி, கொசுவர்த்தி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். சேம்பர் முழுக்கத் தண்ணீர் நின்றால் அடைப்பு வெளியே போகும் குழாயில், காலியாக இருந்தால் வீட்டிலிருந்து வரும் குழாயில். நீண்ட மூங்கில் பிளாச்சை வெளியே நின்று விட்டு ஆட்டினாலே பாதி அடைப்பு போய்விடும். அடுக்களைச் சேம்பரில் எண்ணெய்ப் பிசுக்கும் மீன் செதிலும் சோப்பும் சேர்ந்து வெள்ளைக் கட்டியாக மிதக்கும். அதை வாரி எடுத்து மண்ணில் புதையுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

எவ்வளவு ஆழம் குறைந்த குழியானாலும் ஆளை இறக்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எச்சரிக்கை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமலாகும் என்பது பலருக்குத் தெரியாது. "இப்ப நாத்தம் இல்ல, எறங்கலாம்" என்று இறங்கியவர்களும், அவர்களைத் தூக்க இறங்கியவர்களும் சேர்ந்தே போயிருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. கூலிக்கு வரும் ஆள் தானாகவே இறங்குகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

திரும்ப மூடும்போது பழைய தவறைச் செய்யாதீர்கள். கொத்தனாரைக் கூப்பிட்டால் நல்ல கெட்டிக் கலவையாகப் போட்டு மெழுகிக் கொடுப்பார், அது அவருடைய பெருமை. வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடி உட்காரும் படியைச் சுத்தமாகத் துடைத்து, தடித்த பிளாஸ்டிக் தாளைக் கீற்றாக வெட்டி அதன்மேல் விரித்து மூடியை இறக்குங்கள். மேல் இடுக்கில் சிமென்ட் ஒரு பங்குக்கு மணல் எட்டு அல்லது பத்துப் பங்கு போட்ட பலவீனமான கலவையை அரை அங்குலம் மட்டும் பூசுங்கள். கொசுவும் கரப்பானும் வெளியே வராது, அடுத்த முறை ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால் கீறினாலே பெயரும். இரும்பு மூடி என்றால் சட்டத்தின் பள்ளத்தில் வண்டிக்குப் போடும் கிரீஸைத் தடவிவிட்டால் போதும்.

உடைந்த மூலைக்காக மூடியையே மாற்ற வேண்டியதில்லை. புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். கம்பி தெரியாமல், சுரண்டினால் உதிராமல் இருந்தால், மூலையைக் கழுவி, கெட்டிச் சிமென்ட் பால் தடவி, ஒன்றுக்கு மூன்று கலவையால் கட்டி, ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டுவையுங்கள். அதுவரை குழியின் மேல் பலகை போட்டு மேலே ஒரு கல்லையும் ஏற்றிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. அடியில் கம்பி தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். கார் ஏறாத இடம்தானே? கடையில் எல்.டி. 2.5 என்று கேட்டால் 2.5 டன் தாங்கும் மூடி தருவார்கள். கடலுக்குப் பக்கம் என்றால் எஃப்.ஆர்.பி. (நாரிழை கலந்த பிளாஸ்டிக்) மூடியாகப் பாருங்கள். துருவும் பிடிக்காது, நீங்களே தனியாகத் தூக்கலாம்.

ஆனி, ஆடிச் சாரல் பிடிக்குமுன் செய்துவிடுங்கள். மழையில் உளி வழுக்கும், மாமாவும் அடங்கி உட்கார மாட்டார்.